மாமி வரும்வரை மலை பொறுக்குமா

போன வாரம் இந்தப் பத்தியில் கண்டி வெயிலைப் பற்றி நான் புலம்பியதைப் படித்துவிட்டு, மார்க்கெட்டில் ஒரு வாசகி என்னைப் பிடித்துக்கொண்டார். "வெயிலத் திட்டுனீங்க, சரி. மழைய எப்பத் திட்டுவீங்க?" என்று கேட்டார்.

திட்டலாம்தான். ஆனால் மழையைத் திட்ட எனக்கு நாக்கு எழுவதில்லை. ஒரு பகல் முழுக்க அதன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவள் நான். அந்தப் பகலைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

தெல்தெனியாவில் ஒரு தேத்தண்ணிக் கடை. வெளியே மழை கொட்டுகிறது. என் மடியில் ஒரு பை. பைக்குள் பித்தளைச் செம்பு, மஞ்சள், அறுகம்புல், புதுப் பட்டுப் பாவாடை. பக்கத்துக் கதிரையில் என் வீட்டுக்காரர் கோழிக்கூட்டு வாழைப்பழச் சீப்பு ஒன்றைப் பச்சைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடை வாசலில் நாங்கள் வந்த பஸ் நிற்கிறது. மேலே எங்கோ பாதையில் மண் சரிந்து கிடப்பதால், பொலிஸார் அதற்கு மேல் எதையும் விடவில்லை.

"நின்னுரும்" என்றார் வீட்டுக்காரர். அன்று காலையிலிருந்து அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் சொன்னார், திகனையில் சொன்னார், இங்கேயும் சொன்னார். மழை அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை. நானும் கேட்பதாக இல்லை.

முதல் செம்பு

நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு. அங்கே என் வீட்டுக்காரரின் தங்கை புஷ்பம் இருக்கிறாள். அவள் புருஷன் செல்வம் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். அவர்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. அவள் பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று செய்தி வந்தது.

எங்கள் ஆட்களிடம் இது சாதாரணச் செய்தி அல்ல. அன்றிலிருந்து பிள்ளையைத் தனியாக ஒரு மூலையில் இருத்துவார்கள். தனிப் பாய், தனித் தட்டு, பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு. உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்துப் பிள்ளையை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். பெற்ற அப்பா உட்பட எந்த ஆணும் அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது. நல்ல நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அவள் வாசற்படி தாண்டலாம், கோயிலுக்குப் போகலாம்.

அந்தத் தண்ணீரின் முதல் செம்பைத் தாய்மாமன் மனைவிதான் ஊற்ற வேண்டும். அதாவது, மாமி. அதாவது, நான். எங்கள் குடும்பத்தில் இதை யாரும் விட்டுக்கொடுத்ததில்லை. மாமி வர முந்தி யாரும் செம்பைத் தொடமாட்டார்கள்.

எனக்கு இந்த மூலையில் இருத்தும் விஷயத்தில் பெரிய உடன்பாடு கிடையாது. இருந்தாலும் பட்டுப் பாவாடை வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். கரும்பச்சையில் மாம்பழ நிறக் கரை. அதை யாராவது குறை சொல்லட்டும் பார்க்கலாம் என்ற திமிரோடுதான் பஸ் ஏறினேன்.

மழைக்கு நேரம் தெரிந்த காலம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். என் சின்ன வயதில் மழைக்கு நேரம் தெரியும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு இடி இடிக்கும், வீட்டு வாசலை மிதிக்கும்போது தூறல் விழும். அம்மா கொடியில் கிடக்கும் துணியைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்தே எடுக்க ஓடுவார். பெரஹராத் திருவிழா முடிந்தால் ஒரு மழை வரும். மார்கழியில் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பாச்சை உருண்டை மணத்தோடு ஸ்வெட்டர்கள் வெளியே வரும்.

இப்போது ஸ்வெட்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எங்கள் தெருவில் எல்லா அறையிலும் மின்விசிறி ஓடுகிறது. குழாயில் காற்று மட்டும் வந்து, பவுசர் லொறித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நிற்கிறோம். பிறகு ஒருநாள் வானம் உடைந்ததுபோலக் கொட்டி, அதே தெருவில் வாளி மிதந்து போகிறது.

இது எங்கள் ஊர்க் கூத்து மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு அந்த எண்ணத்தையும் கெடுத்துவிட்டது. முன்பெல்லாம் அதில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வரும். இப்போது வருவதெல்லாம் வானத்தின் படம். வளைகுடாவில் இருக்கும் அக்கா மகன், "பாலைவனத்துல கார் மிதக்குது சித்தி" என்று வீடியோ அனுப்பினான். கனடாவில் இருக்கும் தம்பி மகள், காட்டுத்தீப் புகைக்குப் பயந்து கோடை காலத்தில் யன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பதாகச் சொன்னாள். அவள் அனுப்பிய சூரியன் ஆரஞ்சு நிறத் தோடம்பழம் போல இருந்தது. பக்கத்து வீட்டு சிங்களப் பெண் இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள். மத்தியானத்தில் வெக்கைக்குப் பயந்து கதவைத் திறப்பதே இல்லையாம்.

அடுத்தவர் வீட்டுச் சூட்டை, புகையை, வெள்ளத்தை நாங்கள் எல்லோரும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாரும் யாருக்கும் ஓடிவர முடியாத தூரத்தில் இருந்துகொண்டுதான் பார்க்கிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெறும்வரை நான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் இலிகிதராக, அதாவது கிளார்க்காக இருந்தேன். மண்சரிவு பற்றிய துண்டுப் பிரசுரங்கள் மழைக்காலந்தோறும் எங்கள் மேசைக்கு வரும். மண் சரியப்போகிறது என்பதற்கான அடையாளங்கள் அதில் இருக்கும்: நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்றில் கலங்கல் தண்ணீர், திடீரென்று இறுகிப்போகும் கதவு, யன்னல். வருகிறவர்களிடமெல்லாம் நீட்டுவேன். பாதிப் பேர் அதில் வடை சுற்றியிருப்பார்கள். நானே சுற்றியிருக்கிறேன்.

கோயில் மண்டபம்

பஸ் திகனையைத் தாண்டும்போதே புஷ்பம் போனில் பேசியிருந்தாள். கிராம சேவகர் வந்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருக்கும் எல்லோரையும் எழும்பச் சொல்லிவிட்டாராம். மேட்டில் இருக்கும் கோயில் மண்டபத்தில்தான் தங்க வேண்டுமாம். பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் சட்டி பானையோடு போய்விட்டார்கள்.

"நீங்க போகலையா?" என்று கேட்டேன்.

"எப்பிடி அண்ணி போறது? நீங்க வந்து தண்ணி ஊத்துனதும் நேரா மண்டபத்துக்குப் போயிருவோம். அய்யர் குறிச்ச நேரம் தாண்டுனாலும் பரவாயில்ல. நீங்க வாங்க."

"கோயிலுக்குள்ள இல்லடி, மண்டபத்துக்குத்தானே கூப்பிடுறாங்க?"

"சாமி பக்கத்துலதானே இருக்கு? துடக்கோட எப்பிடி அண்ணி? அதோட அங்க ஊரு ஆம்பிளைங்க எல்லாம் படுத்திருப்பாங்க."

நான் அதட்டுவதற்குள் பேச்சு அறுந்தது. பிறகு என் கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை.

லயத்தில் முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, நடுவில் காம்பரா என்கிற ஒற்றை அறை, பின்னால் சமைக்கும் குசினி. பிள்ளையை இருத்தியிருந்தது குசினி மூலையில். குசினிச் சுவரை ஒட்டினாற்போல் மண்மேடு, அதற்கு மேல் முழு மலை. மலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர்கள் என்னை எதிர்பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். நான் எவ்வளவு பிந்துகிறேனோ, அவ்வளவு நேரமும் இருப்பார்கள்.

இறுகிய கதவு

கடை முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர். நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்கட போனுக்கு டவர் இல்லாம ஈக்கும் தாத்தா. இதால பேசிப் பாருங்கொ" என்று தன்னுடையதை நீட்டினார். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

மணி அடித்தது. புஷ்பம்தான் எடுத்தாள். பின்னால் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"எங்க வந்துட்டீங்க அண்ணி?"

"தெல்தெனியாவுல மாட்டிக்கிட்டோம். ரோட்ல மண்ணு விழுந்து கிடக்கு. இன்னைக்கு வர முடியாது. நீங்க கிளம்புங்க."

"இல்லண்ணி, திறந்துருவாங்க. நாங்க இருக்கோம். பிள்ளையோட அப்பாவும் இஸ்தோப்புல தான் நிக்கிறாரு. அண்ணி, ஒண்ணு கேக்கணும். குசினிக் கதவு மூட மாட்டேங்குது. பலகை ஊறிருச்சு போல. சாரல் உள்ள அடிச்சு பிள்ள நனையுது. எண்ணெய் கிண்ணெய் போட்டா சரிவருமா?"

"காலையில மூடுச்சா?"

"காலையில நல்லாத்தான் மூடுச்சு."

"எங்க பிடிக்குது? கீழயா, மேலயா?"

"மேல. நிலையே சாஞ்ச மாதிரி இருக்கு."

அந்தத் துண்டுப் பிரசுரத்தில் எத்தனை வருடம் என் கையால் நீட்டிய வரி அது. கடைக்குள் இருந்த எல்லாச் சத்தமும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. பலகை ஊறவில்லை. வீடு நகர்கிறது. வீட்டை மலை தள்ளுகிறது.

"புஷ்பம், அது மழையில ஊறல. மலை இறங்குது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடு."

"அய்யோ, அப்பிடிச் சொல்லாதீங்க அண்ணி. நல்ல காரியம் நடக்குற வீடு."

தூரத்தில் செல்வத்தின் குரல் கேட்டது. "நானும் விடிஞ்சதுல இருந்து கத்துறேன்க்கா! உள்ள வராதன்னு என்னையத்தான் விரட்டுறா!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவள் முட்டாள் அல்ல. மகளுக்கு ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்றுதான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு யாராவது, முறையாகத் தண்ணீர்கூட ஊற்றாமல் வெளியே கொண்டுவந்த பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைத் தாங்கமாட்டாள். மலை விழும் என்பதை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஊர்ப் பேச்சு விழுவதைப் பார்த்திருக்கிறாள்.

குலவை

அடுத்து நான் சொன்னது எனக்கே எங்கிருந்து வந்ததென்று தெரியாது.

"புஷ்பம், முதல் தண்ணி யாரு ஊத்தணும்?"

"நீங்கதான் அண்ணி."

"அப்ப எந்தத் தண்ணிய, எப்ப ஊத்துறதுன்னு நான்தான் சொல்லணும். சரியா? பிள்ளைய முன்வாசலுக்குக் கொண்டு வா. மழையில நிறுத்து. அது மழை இல்ல. நான் ஊத்துற தண்ணி."

அந்தப் பக்கம் தகரத்தில் மழை மட்டும்.

"மஞ்சள் இல்லாமயா அண்ணி?"

"மஞ்சள் என் மடியில இருக்கு. அது வர்ற நேரம் வரட்டும்."

"முன்னால அவ அப்பா நிக்கிறாரே."

"மண்டபத்துக்குப் போறப்ப செல்வத்த முன்னால நடக்கச் சொல்லு. திரும்பிப் பாக்காம நடக்கட்டும்."

பிறகு ஒரு சின்னக் குரல் கேட்டது. தர்ஷினி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"மாமி, நான் செருப்பு போடலாமா?"

"போடு தங்கம். எல்லாத்தையும் போட்டுக்கிட்டு வா."

தண்ணீர் ஊற்றும்போது பெண்கள் குலவையிட வேண்டும். குலவையில்லாமல் ஊற்றினால் புஷ்பத்துக்கு அது கணக்கிலேயே வராது. கடை நிறைய ஆட்கள், நனைந்த குடைகள், தேத்தண்ணிக் கிளாஸ்கள். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். என்ன செய்யப் போகிறேன் என்று விளங்கிவிட்டது போல, மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே கூச்சப்படுகிற மனிதர் அவர்.

கைப்பேசியை வாயருகில் பிடித்துக்கொண்டு நான் குலவையிட்டேன்.

முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாவது தடவை, பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்து வந்த ஒரு தோட்டத்து அம்மா, என்ன ஏதென்று கேட்காமலே எழுந்து வந்து என்னோடு சேர்ந்துகொண்டார். அவருக்கு நல்ல குரல். கடை முதலாளி அடுப்பில் ஊதிக்கொண்டிருந்த கேத்தலை இறக்கிவைத்தார். சிங்களக் கொண்டக்டர் வாயில் வைத்த பணிஸ் ரொட்டியோடு அப்படியே நின்றார். வாழைப்பழச் சீப்பை மேசையில் வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கைப்பேசிக்குள் மழைச் சத்தம் மாறியது. தகரத்தில் விழும் சத்தம் போய், வெட்டவெளியில் கொட்டும் சத்தம் வந்தது. செல்வம் ஏதோ கூப்பிட்டார். பிறகு பேச்சு அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மணி அடிக்கவே இல்லை.

மறுநாள்

கண்டிக்குத் திரும்பும் பஸ் அன்று பின்னேரமே இருந்தது. நான் ஏறவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த தங்கள் வீட்டில் முதலாளியின் மனைவி எங்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். சோறும் பருப்பும் கொடுத்தார். எனக்கு எதுவும் இறங்கவில்லை. இரண்டு பேரில் ஒருவர் மட்டும் வெளியே வந்திருந்தால், பாதி வழியில் நின்றிருந்தால் என்றெல்லாம் கெட்ட நினைப்பு. வீட்டுக்காரர் அதற்குப் பிறகு "நின்னுரும்" என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கி, சின்ன வாகனங்களை விட்டார்கள். ஒரு வேனில் தொற்றிக்கொண்டு போய், கடைசித் துண்டை நடந்தே ஏறினோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, முந்தி இல்லாத சிவப்புத் தண்ணீர் ஓடைகள்.

கோயில் மண்டபத்து வாசலில் செல்வம் நின்றார். என்னைக் கண்டதும் ஓவென்று அழுதுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் பேச்சு வந்தது அவருக்கு.

"உள்ள இருக்காங்கக்கா. ரெண்டு பேரும் உள்ள இருக்காங்க."

அவரே சொன்னார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார். அந்த வழுக்கலில், அந்த இருட்டு மழையில், முன்னால் நடந்துகொண்டே, "வர்றீங்களா? வர்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஏறியிருக்கிறார். "வர்றோம்" என்று பின்னால் பதில் வராவிட்டால் அடி எடுத்து வைக்காமல் நின்றிருக்கிறார்.

மண்டபத்துக்கு வந்தும் புஷ்பம் உள்ளே போகவில்லை. மகளை அணைத்துக்கொண்டு வெளிப்படியிலேயே, சாரலில் உட்கார்ந்துவிட்டாள். பூசாரி வெளியே வந்து பார்த்தாராம்.

"மாமி ஊத்திட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

"ஊத்திட்டாங்க" என்றிருக்கிறார் செல்வம்.

"அப்ப ஏன் வாசல்ல இருக்கீங்க? உள்ள வாங்க."

வீட்டைப் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. இஸ்தோப்பில் செல்வத்தின் சாரம்கூடக் கொடியில் கிடந்தது. உள்ளே போனால், காம்பராவுக்குப் பின்னால் குசினி இல்லை. அடுப்பு, அம்மி, பிள்ளை உட்கார்ந்திருந்த மூலை எல்லாம் ஈர மண்ணுக்குள். பாயின் ஒரு ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. நான் அங்கேயே குந்திவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்துத் தூக்கினார்.

மண்டபத்து மூலையில் லயத்துப் பெண்கள் நான்கைந்து சேலையைக் கட்டி மறைப்புச் செய்திருந்தார்கள். அதற்குள் யாரோ கொடுத்த பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு தர்ஷினி இருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

நான் பையைத் திறந்து பித்தளைச் செம்பை வெளியே எடுத்தேன். மஞ்சளைக் கரைக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்கலாம் என்று திரும்பினேன். குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று எனக்கும் மனதுக்குள் இருந்திருக்கிறது போல.

பிள்ளை செம்பைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"வேணாம் மாமி. தண்ணி போதும்."

புஷ்பம் பையின் வாயை விரித்துப் பிடித்தாள். நான் செம்பைப் பைக்குள் வைத்தேன்.

கதவு மூடுதா?

அந்த லயத்தில் இனி இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு எங்கே இருப்பது என்பதைச் சொல்ல இன்னும் யாரும் வரவில்லை. வெயில் அடித்ததும் மண்டபத்திலிருந்து ஒவ்வொரு குடும்பமாக இறங்கிப் பழைய காம்பராக்களுக்கே போய்விட்டன. புஷ்பமும் போனாள். இஸ்தோப்பில் தகரம் அடித்துக் குசினி ஆக்கியிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் பேசினால் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பேன். இப்போது கண்டியில் வானம் கறுத்தாலே கைப்பேசியை எடுத்து, "கதவு மூடுதா?" என்று கேட்கிறேன். தர்ஷினி ஓடிப்போய்க் காம்பராக் கதவை அடித்துச் சாத்துவாள். அந்த டப் என்ற சத்தத்தைக் காதால் கேட்டால்தான் எனக்கு வேலை ஓடும். வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்வார். ஆனால் அந்தச் சத்தம் கேட்கும்வரை அவரும் பத்திரிகையில் பக்கம் புரட்டமாட்டார்.

இதை எழுதத் தொடங்கிய நேற்றுக் காலையிலும் இங்கே நல்ல மழை. கூப்பிட்டேன்.

"கதவு மூடுதா தங்கம்?"

டப் சத்தம் வரவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. நடந்துகொண்டிருக்கிறாள் என்று விளங்கியது.

"கொஞ்சம் இறுகுது மாமி."

நான் வரும்வரை காத்திருக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாங்க கிளம்பிட்டோம் மாமி" என்றாள் பிள்ளை. "அம்மா பின்னால வர்றாங்க. நான்தான் முன்னால போறேன்."

பிறகு, என்னிடம் இல்லை, தனக்குப் பின்னால் திரும்பி அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"வர்றீங்களா?"